ஸ்கோப் நேராக உட்கார: தூக்குக்குண்டா, லெவல் கிட்டா, ஆப்பா, கண்ணாடியா, டார்ச்சா?

"ஸ்கோப் வாங்கியாச்சு, ரிங்கும் வந்தாச்சு, குறுக்குக்கோட்டை நேராக்க என்ன வாங்கணும்?" இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. (ரைஃபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப், அதைப் பிடித்து நிறுத்தும் வளையம் ரிங்.) கேட்பவர்களில் தோப்புக்குள் .177 ஏர் ரைஃபிளை வைத்துக்கொண்டு டின் சுடுகிறவர் உண்டு. கனடாவில் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர் உண்டு. ஆயிரம் மீட்டர் தள்ளியிருக்கும் இரும்புத் தகட்டை, ஸ்கோப்பில் குறியை ஏற்றி இறக்கும் குமிழான டரட்டைத் திருகித் திருகி அடிக்கும் போட்டிகளைப் பார்த்துவிட்டு, அதற்கென்றே ரைஃபிள் கட்டுகிறவரும் உண்டு. மூவருக்கும் கடைக்காரர் எடுத்து நீட்டுவது ஒரே பெட்டியைத்தான். ஆனால் மூவரின் தேவையும் ஒன்றல்ல. அதில் ஒருவர் எதையுமே வாங்க வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஐந்துமே சரியாகச் செய்தால் வேலை செய்யும். எது உங்களுக்கு என்பது நீங்கள் எவ்வளவு தூரம் சுடுகிறீர்கள், உங்கள் ரைஃபிளில் தட்டையான இடம் எங்கே இருக்கிறது, வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற மூன்றைப் பொறுத்தது.

## முதலில், எது எதோடு நேராக வேண்டும்?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதில் சம்பந்தப்பட்டவை மூன்று. ஒன்று, புவியீர்ப்பு. குண்டு விழுவது பூமியை நோக்கி, உங்கள் ரைஃபிளின் அடிக்கட்டையை நோக்கி அல்ல. இரண்டு, ரெட்டிகிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு. மூன்று, பேரல் துளை. ஸ்கோப் அதற்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறதா, கொஞ்சம் பக்கத்தில் ஒதுங்கி இருக்கிறதா என்பது.

சுடும் நேரத்தில் ரெட்டிகிள் புவியீர்ப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் அடி பலமாக விழும். கணக்கு எளிது: நீங்கள் ஏற்றும் உயரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கினால் பக்கவாட்டுப் பிழை வரும். 6.5 கிரீட்மோர் மாதிரி ஒரு தோட்டா 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில் ஏற்றம் கேட்கும் (1 மில் என்றால் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரெட்டிகிள் 1 டிகிரி சாய்ந்திருந்தால் அந்த 10 மில்லில் 0.17 மில் பக்கவாட்டில் போய்விடுகிறது, 1000 மீட்டரில் 17 சென்டிமீட்டர். 3 டிகிரி என்றால் 52 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் அகலத் தகட்டின் நடுவில் குறிவைத்தாலும் 1 டிகிரி போதும், குண்டு தகட்டைத் தொடாமல் ஓரமாகப் போய்விடும். நீங்களோ காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது மறுபக்கம். ரெட்டிகிளைச் சரியாகச் செங்குத்தாகவே பிடிக்கிறீர்கள், ஆனால் ரைஃபிள் அதற்குக் கீழே 3 டிகிரி சாய்ந்திருக்கிறது, அதாவது ஸ்கோப் துளைக்கு நேர் மேலே இல்லை. ஸ்கோப் துளையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அது ஒதுங்கியிருப்பது 2.6 மில்லிமீட்டர். 100 மீட்டரில் ஜீரோ செய்துவிட்டால் (அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்துவிட்டால்), 1000 மீட்டரில் அது மறுபக்கமாக 2.4 சென்டிமீட்டர் ஆகும். அவ்வளவுதான். அதே 3 டிகிரி, ஒரு பக்கம் 52 சென்டிமீட்டர், இன்னொரு பக்கம் இரண்டரை.

ஆகவே முக்கியமானது ரெட்டிகிளுக்கும் புவியீர்ப்புக்கும் உள்ள உறவு. ரைஃபிளுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள உறவு கண்ணுக்கு ஓரளவு சரியாக இருந்தாலே போதும். ஆனால் விற்பனைக்கு வரும் கருவிகளில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

நின்றுகொண்டு சுடும் போட்டியாளர்கள் பலர் வேண்டுமென்றே ரைஃபிளைக் கொஞ்சம் சாய்த்துத்தான் பிடிப்பார்கள், கழுத்தை வளைக்காமல் கன்னத்தை வைக்க வேண்டும் என்பதற்காக. அவர்களுக்குச் சரியான வழி, ரைஃபிளைத் தங்களுக்கு வசதியான சாய்வில் பிடித்துக்கொண்டு ரெட்டிகிளை மட்டும் செங்குத்தாக்குவது. ஒவ்வொரு முறையும் அதே சாய்வில் பிடித்தால் ஒரு கெடுதலும் இல்லை.

ஏர் ரைஃபிள்காரர்கள் "நாங்கள் 50 மீட்டருக்கு மேல் போவதில்லையே" என்று நழுவ முடியாது. பெல்லட் மெதுவாகப் போகிற பொருள், அதனால் பாதை நன்றாக வளைகிறது. 16 ஜூல் சக்தியுள்ள .177 ரைஃபிளை 30 மீட்டரில் ஜீரோ செய்தால், 50 மீட்டரில் பெல்லட் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் கீழே விழுகிறது. சுடும்போது ரைஃபிள் மொத்தமும் 5 டிகிரி சாய்ந்தால் அங்கே ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். துளை வழியாகச் சுட்டுத் தகட்டைச் சாய்க்கும் ஃபீல்டு டார்கெட் என்ற ஏர் ரைஃபிள் போட்டியில் அந்தத் தூரத்துத் துளையின் விட்டம் 40 மில்லிமீட்டர், அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டே சென்டிமீட்டர். 5 டிகிரி என்பது பெரிய சாய்வு என்று நினைக்காதீர்கள். சரிவான தரையில் உட்கார்ந்து சுடும்போது அது தெரியவே தெரியாது.

மான் வேட்டைக்காரருக்கு? 100 மீட்டரில் ஜீரோ, 200 மீட்டரில் சுடுகிறார், 3 டிகிரி சாய்வு. பிழை ஆறு மில்லிமீட்டர் அளவில் நிற்கும். அவர் இந்தக் கட்டுரையில் தூக்குக்குண்டுப் பகுதியை மட்டும் படித்துவிட்டு ரேஞ்சுக்குக் கிளம்பலாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் முதலில் பார்ப்பது, அந்த வழி எந்தப் பரப்பை நம்புகிறது என்பதை. ஒவ்வொரு வழியும் எங்கேயோ ஓர் இடத்தில் உள்ள நேரை எடுத்து ரெட்டிகிளுக்கு நகலெடுக்கிறது. மூலம் கோணல் என்றால் நகலும் கோணல், கருவி எவ்வளவு விலையாக இருந்தாலும். அடுத்தது, நேராக்குவது புவியீர்ப்போடா, ரைஃபிளோடா என்பது. அப்புறம், திருகுகளை முறுக்கி முடித்த பிறகும் அதே வழியில் திரும்பச் சரிபார்க்க முடியுமா என்பது. இதைப் பலர் யோசிப்பதில்லை, ஆனால் பிழை வருவது பெரும்பாலும் முறுக்கும்போதுதான். கடைசியாக இடம், செலவு, வாங்கிய பிறகு தலைகாட்டும் செலவு. கீழே அட்டவணையில் ரயில் என்பது ரைஃபிளின் மேல் ஸ்கோப்பை மாட்டும் உலோகப் பட்டை, மவுண்ட் என்பது ஸ்கோப்பை அதில் தாங்கும் பிடிப்பு, ஃபீலர் கேஜ் என்பது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்.

| வழி | எதை நம்புகிறது | எதோடு நேராக்கும் | தேவையான இடம் | செலவு | முறுக்கிய பின் சரிபார்க்கலாமா |
|---|---|---|---|---|---|
| தூக்குக்குண்டு | புவியீர்ப்பை மட்டும் | புவியீர்ப்போடு | 10 மீட்டராவது | அநேகமாக இல்லை | எப்போது வேண்டுமானாலும் |
| லெவல் கிட் | ரயில், டரட் மூடி | ரைஃபிளோடு | ஒரு மேசை | நடுத்தரம் | முடியும் |
| ஆப்பு, ஃபீலர் கேஜ் | ஸ்கோப்பின் அடித்தட்டு, ரயில் | மவுண்டோடு | ஒரு மேசை | குறைவு முதல் நடுத்தரம் வரை | ஓரளவு |
| கண்ணாடி | பேரல் துளை | பேரலோடு | ஓர் அறை | இல்லை | முடியும், கண் வலிக்கும் |
| டார்ச் | தொங்கவிட்ட நூல் | புவியீர்ப்போடு | இருட்டறை, சில மீட்டர் | இல்லை | முடியும் |

எந்த வழியாக இருந்தாலும் ரைஃபிளைக் காலி செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். மேகசினைக் கழற்றி, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஏர் ரைஃபிள் என்றால் காக் செய்யாத, அதாவது சுடத் தயாராக்காத நிலையில், பேரலுக்குள் பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டு. கண்ணாடி முறையில் நீங்கள் குழாய்முனையைத் தொட்டு வேலை செய்யப் போகிறீர்கள், அங்கே இது சம்பிரதாயப் பேச்சு இல்லை.

## தூக்குக்குண்டு

கொத்தனாரிடம் இருக்கும் அதே தூக்குக்குண்டு. இல்லாவிட்டால் நல்ல நிறமுள்ள நூலின் முனையில் ஒரு பெரிய நட்டைக் கட்டினாலும் அதேதான். மாடியிலோ தோட்டத்திலோ தூரமாகத் தொங்கவிட்டு, ரைஃபிளை மணல்மூட்டைகள் மேலோ வைஸ் என்ற பட்டறைப் பிடியிலோ நிறுத்தி, ரிங் திருகுகள் தளர்வாக இருக்கும்போது ஸ்கோப்பைச் சுழற்றி, செங்குத்துக் கோட்டை நூலோடு ஒட்டவைக்க வேண்டும். ரைஃபிள் ஓரளவு நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும், ஏன் என்று மேலே கணக்கில் பார்த்துவிட்டோம்.

எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். இது எந்த உற்பத்தியாளரையும் நம்பவில்லை. டரட் மூடி கோணலாக இருக்கலாம், ரயில் கோணலாக இருக்கலாம், நூல் கோணலாகத் தொங்காது. அதுமட்டுமில்லை, நீங்கள் சரிபார்ப்பது ரெட்டிகிளையே, அதற்குப் பதிலாக இன்னொரு பரப்பை அல்ல.

தொல்லைகளும் உண்டு. காற்றடித்தால் நூல் ஆடும். அதற்குக் கட்டட வேலையில் செய்வதையே செய்யுங்கள்: குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் முங்கவிடுங்கள், ஆட்டம் அடங்கிவிடும். அடுத்தது, கிட்டத்தில் கவனம் வராத ஸ்கோப். 100 கெஜத்துக்கு என்று பேரலாக்ஸ் (தூரத்துக்கேற்ற கவனச் சரிசெய்தல்) நிலையாக வைக்கப்பட்ட ஸ்கோப்பில் 10 மீட்டரில் நூல் மங்கலாகத்தான் தெரியும். உருப்பெருக்கத்தைக் குறைத்தால் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் நூலை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஏர் ரைஃபிள் ஸ்கோப்புகள் பல 10 மீட்டர் வரை கவனம் வருகிற மாதிரி செய்யப்பட்டவை என்பதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவது தொல்லை நம் தலை. தோளில் ரைஃபிளை வைத்துக் கன்னத்தை அழுத்தும்போது தலை சாயும், சாய்ந்த தலைக்குச் சரியான கோடு சாய்வாகத் தெரியும். நூலை விட்டுவிட்டு "உணர்வில்" நேராக்கிக்கொள்கிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். நூலும் கோடும் ஒட்டியிருக்கின்றன என்றால் விவாதம் முடிந்தது, மனசு என்ன சொன்னாலும்.

நூல் தடிமன் பற்றி ஒரு வார்த்தை. தடித்த கயிற்றின் மேல் மெல்லிய ரெட்டிகிள் தொலைந்துவிடும், மிக மெல்லிய நூல் தூரத்தில் தெரியாது. கொத்தனார்கள் மட்டம் பிடிக்கும் மஞ்சள், ஆரஞ்சு நூல் சரியாக இருக்கும். கோட்டை நூலுக்கு மேலேயே வைக்காமல் ஒரு மயிரிழை பக்கத்தில் நிறுத்தி, மேலும் கீழும் இடைவெளி சமமா என்று பாருங்கள். இடைவெளி வித்தியாசத்தைக் கண் சட்டென்று பிடித்துவிடும்.

ஒரு முற்றமோ மொட்டைமாடியோ நீண்ட வராந்தாவோ இருக்கிற யாருக்கும் இதுவே முதல் தேர்வு. அடுக்குமாடியில் ஓர் அறைதான் என்றால் கீழே டார்ச் பகுதிக்குப் போங்கள். மொட்டைமாடியில் ரைஃபிளோடு நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் போடுகிற ஊராக இருந்தாலும் அங்கேயே போங்கள்.

## லெவல் கிட்

அமெரிக்காவில் வீலர் விற்கும் பெட்டி இந்த வகையில் பலருக்குத் தெரிந்தது. ஒரு சின்ன ரசமட்டத்தை ரைஃபிளின் ஏதாவது தட்டையான இடத்தில் வைத்து ரைஃபிளை நேராக்குவது, இன்னொன்றை ஸ்கோப்பின் உயர டரட் மூடியின் தலையில் வைத்து ஸ்கோப்பைச் சுழற்றுவது. மேசையிலேயே முடிந்துவிடும், வெளியே போக வேண்டாம், மழைக்காலத்தில் நிம்மதி.

இங்கே நம்பப்படுகிற பரப்புகள் இரண்டு. ரயில் சரி, பிக்கடினி ரயில் (குறுக்கே பள்ளங்கள் வெட்டிய பட்டை) நன்றாகக் கடைந்திருந்தால் நம்பலாம். டரட் மூடி? அது ஒரு மூடி. கைக்குப் பிடிக்கச் செய்த பாகம் அது, அளவுகோலாகச் செய்ததல்ல. மூடியின் தலை உள்ளே இருக்கும் ரெட்டிகிளுக்குச் செங்கோணத்தில் இருக்கும் என்று யாரும் உங்களுக்கு எழுதிக்கொடுக்கவில்லை. நல்ல ஸ்கோப்புகளில் பெரும்பாலும் இருக்கும், மலிவானவற்றில் அதிர்ஷ்டம். மூடியைக் கழற்றினால் கீழே தட்டையான உலோக விளிம்பு இருக்கிற ஸ்கோப் என்றால் ரசமட்டத்தை அங்கே வையுங்கள், கொஞ்சம் மேல்.

குமிழியும் பிரச்சினைதான். விரல் நீளம்கூட இல்லாத குழாயில் குமிழி நடுவில் இருக்கிறது என்று நாம் சொல்வதற்கும் உண்மையான மட்டத்துக்கும் நடுவே ஒரு டிகிரிக்குக் கிட்ட இடம் இருக்கலாம், அதுவும் இரண்டு குமிழிகள் என்றால் இரண்டு பிழைகள். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: மேசை மேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி மேசையின் அதே பக்கமாக, அதே அளவு தள்ளி நின்றால் ரசமட்டம் சரி, மேசைதான் கோணல். பக்கம் மாறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதே வேலையை மரவேலைக்காரர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் இன்னும் நன்றாகச் செய்யும். ரயிலில் வைத்து பூஜ்யம் அழுத்தி, டரட்டில் வைத்து மறுபடி பூஜ்யம் வரும்வரை ஸ்கோப்பைச் சுழற்றினால் போதும். ரைஃபிளை மட்டமாக்க வேண்டிய வேலையே இல்லை, ஏனென்றால் பார்ப்பது வித்தியாசத்தை மட்டும். போனில் உள்ள லெவல் செயலியையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். கேமரா மேடு பின்னால் துருத்திக்கொண்டிருக்கிற போன் தட்டையாக உட்காராது, ஓரத்தில் நிறுத்திப் பிடித்தால்தான் உண்டு.

அடிக்கடி ஸ்கோப் மாற்றுகிறவருக்கு, நாலைந்து ரைஃபிள் உள்ளவருக்கு, 200 முதல் 300 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு கிட் வசதி. ஒரே ஒரு ரைஃபிளுக்காக வாங்குவது வீண். வட்டமான குழாய் உடம்பில் 11 மில்லிமீட்டர் டவ்டெய்ல் (ரிங்கை மாட்டும் சரிவான பள்ளம்) மட்டும் வெட்டிய ஏர் ரைஃபிள் என்றால் முதல் ரசமட்டத்தை எங்கே வைப்பது என்று தேடித்தேடியே நேரம் போய்விடும்.

## ஆப்பும் ஃபீலர் கேஜும்

ஸ்கோப்பின் டரட் பெட்டிக்குக் கீழே தட்டையான அடிப்பகுதி இருந்தால், அதற்கும் மவுண்ட் அல்லது ரயிலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிரப்பும் எதையாவது செருகினால் ஸ்கோப் தானாக ரயிலுக்கு இணையாகிவிடும். ஸ்வீடனின் ஸ்பூர் தன் மவுண்டுகளோடு இதற்கென்று ஓர் ஆப்பைக் கொடுக்கிறது. அரிசாகா என்ற அமெரிக்க நிறுவனம் சரிந்து சரிந்து உயரம் கூடும் இரண்டு துண்டுக் கருவி விற்கிறது. மெக்கானிக்கிடம் இருக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கிச் செருகினாலும் அதே வேலைதான்; சீட்டுக்கட்டை வைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அது பரவாயில்லை ரகம்.

வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. கண் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், ஒரு நிமிடத்தில் முடியும், பத்து முறை செய்தாலும் ஒரே மாதிரி வரும். திருகை முறுக்கும்போது ஆப்பு உள்ளேயே இருப்பதால் ஸ்கோப் சுழல்வதும் குறைகிறது. இது பெரிய லாபம்.

ஆனால் இது ரெட்டிகிளைப் பார்ப்பதே இல்லை. அடித்தட்டும் ரெட்டிகிளும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. விலை உயர்ந்த ஸ்கோப்பில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. அடித்தட்டு உருண்டையாக இருக்கிற ஸ்கோப்பில் இந்த முறையே கிடையாது, ஆகவே கருவியை ஆர்டர் போடுவதற்கு முன் ஸ்கோப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒற்றை மவுண்ட் இல்லாமல் தனித்தனி ரிங் என்றால் ஸ்கோப்புக்கும் ரயிலுக்கும் நடுவே உயரம் அதிகமாகி ஆப்பு எட்டாமல் போவதும் உண்டு.

நல்ல ஸ்கோப், ஒற்றை மவுண்ட், பிக்கடினி ரயில் மூன்றும் சேர்ந்திருந்தால் ஆப்பில் ஆரம்பித்துத் தூக்குக்குண்டில் சரிபார்ப்பது மிகச் சுலபமான பாதை. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் ஆப்பை விட்டுவிடலாம்.

## கண்ணாடி

இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள், ஆனால் தட்டையான இடமே இல்லாத ரைஃபிளுக்கு இது அருமையான வழி. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, ரைஃபிளை அதை நோக்கி வைத்து, உருப்பெருக்கத்தைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவந்து ஸ்கோப் வழியாகப் பாருங்கள். ஸ்கோப்பின் முன்லென்ஸ் பிம்பத்தில் தெரியும். குறுக்குக்கோட்டின் நடுவை அந்த லென்ஸின் நடுவில் நிறுத்தினால், கீழே பேரல் முனையும் தெரியும். செங்குத்துக் கோடு துளையின் நடுவை வெட்டிக்கொண்டு போகிறதா என்பதுதான் கேள்வி. போனால் ரெட்டிகிள் துளையோடு நேர். ரைஃபிள் எந்தச் சாய்வில் கிடந்தாலும் பரவாயில்லை.

படம் மங்கலாகத்தான் இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். குழாய்முனையில் வெள்ளைத் தாளை வளையமாக ஒட்டி, பக்கத்தில் ஒரு விளக்கையும் வைத்தால் நன்றாகத் தெரியும். ஒரு கஷ்டம்: இது நேராக்குவது பேரலோடு, புவியீர்ப்போடு அல்ல. சுடும்போது ரைஃபிளைச் செங்குத்தாகப் பிடிக்கிற வேலை உங்களுக்கு மிச்சம் இருக்கிறது. மொழுமொழுவென்ற ஏர் ரைஃபிள்கள், பழைய வேட்டை ரைஃபிள்கள், இவற்றுக்கு இதுவே போதும்.

## டார்ச்

வெளியே இடம் இல்லாதவருக்கு. அறையை இருட்டாக்கி, சுவரில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் கண்பக்க லென்ஸில் டார்ச்சை அடியுங்கள். ரெட்டிகிளின் நிழல் முன்லென்ஸ் வழியாகச் சுவரில் விழும். பேரலாக்ஸ் குமிழைத் திருகினால் கொஞ்சம் தெளியும். நிழலையும் நூலையும் ஒட்டவைத்து ஸ்கோப்பைச் சுழற்ற வேண்டியதுதான். தோளில் வைத்துக் குனிந்து பார்க்கும் வேலை இல்லாததால் தலைச்சாய்வுப் பிழை போய்விடுகிறது, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கவும் முடியும்.

சுவர் கிட்டத்தில் இருப்பதால் மெல்லிய கோடுகள் மங்கிவிடும், தடித்த பகுதிகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். டார்ச்சைக் கோணலாகப் பிடித்தால் படம் ஒரு பக்கம் மட்டும் ஒளிரும். மற்றபடி தூக்குக்குண்டுக்கு உள்ள எல்லா நல்ல குணமும் இதற்கும் உண்டு.

கடையில் கொடுத்துப் பொருத்துவது ஆறாவது வழி. நல்ல கை கிடைத்தால் சரி, ஆனால் அவரும் மேலே சொன்னவற்றில் ஒன்றைத்தான் செய்யப்போகிறார், எதைச் செய்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## எந்த வழியானாலும் தப்ப முடியாத செலவு: திருகு

மெனக்கெட்டு நேராக்கிய ஸ்கோப்பைக் கோணலாக்குவது பெரும்பாலும் ரிங் திருகுதான். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ரிங் ஸ்கோப்பைத் தன்னோடு இழுத்துச் சுழற்றிவிடும். கால் சுற்று, எதிர்மூலை, கால் சுற்று, எதிர்மூலை என்று மாறிமாறிப் போங்கள், மேல் ரிங்குக்கும் கீழ் ரிங்குக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். இடது வலது என்று செங்குத்தாகப் பிளக்கும் ரிங்குகளில் இந்தச் சுழற்சி இன்னும் அதிகம். முறுக்கும்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்று முதல் தடவை பார்த்துக்கொண்டு, அடுத்த தடவை அந்த அளவு எதிர்ப்பக்கம் தள்ளி வைத்து ஆரம்பிக்க வேண்டும்.

ரிங் திருகுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். உங்கள் மவுண்ட்காரர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. கார் சக்கரத்துக்கான டார்க் ரெஞ்ச் இதற்கு ஆகாது, இந்தச் சின்ன அளவுக்கு என்று ஒரு டார்க் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பணம் செலவழிக்க ஆசையாக இருந்தால் லெவல் கிட்டை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். கை அழுத்தத்தில் நசுங்கிய ஸ்கோப் குழாயை எந்த ரசமட்டமும் சரிசெய்யாது.

எல்லாம் முறுக்கிய பிறகு, கோடு இன்னும் நூலோடு ஒட்டியிருக்கும்போதே, ஸ்கோப் குழாயில் மாட்டும் சின்னக் குமிழியைப் பூட்டிவிடுங்கள். வரிசை முக்கியம். குமிழியை ரயிலுக்கோ டரட்டுக்கோ ஒப்பிட்டு மாட்டினால் அது அந்தப் பரப்பின் கோணலைச் சொல்லும். ரெட்டிகிள் நூலில் இருக்கும்போது மாட்டினால்தான் அது ரெட்டிகிளின் கதையைச் சொல்லும். 300 மீட்டருக்கு மேல் டரட் திருகிச் சுடுகிறவருக்கும் ஃபீல்டு டார்கெட்காரருக்கும் இந்தக் குமிழி கட்டாயம். மான் வேட்டைக்காரருக்கு வேண்டாம், புதரில் சிக்கும்.

## டரட் சொல்வதும் ரெட்டிகிள் சொல்வதும் ஒன்றா?

ஐந்து வழிகளில் எதுவும் பிடிக்காத பிழை ஒன்று இருக்கிறது. ரெட்டிகிள் செங்குத்தாக நிற்கும், ஆனால் டரட்டைத் திருகும்போது குறி மேலே போகாமல் கொஞ்சம் சாய்வாகப் போகும். உள்ளே ரெட்டிகிள் பொருத்தப்பட்ட கோணமும் டரட் தள்ளும் கோணமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

சுடாமலே பார்க்கலாம். ரைஃபிளை அசையாமல் வைஸில் பிடித்து, குறுக்குக்கோட்டின் நடுவை நூலின் மேல் ஒரு புள்ளியில் வைத்து, டரட்டை 10 மில் வரை திருகுங்கள். நடு நூலை விட்டு விலகாமல் நூல் வழியே நகர்ந்தால் நல்ல ஸ்கோப். ரேஞ்ச் கிடைத்தால் சுட்டே பாருங்கள்: 100 மீட்டரில் ஓர் ஆள் உயர அட்டையில் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்துக் கோடு வரைந்து, கீழே ஒரு புள்ளியில் குறிவைத்து ஒரு குரூப் (சேர்ந்தாற்போல் சில குண்டுகள்), அதே புள்ளியில் குறிவைத்துக்கொண்டு 10 மில் ஏற்றி இன்னொரு குரூப். இரண்டாவது சரியாக 1 மீட்டர் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். 1.7 சென்டிமீட்டர் ஒதுங்கினால் 1 டிகிரி. உயரம் 1 மீட்டர் வரவில்லை என்றால் அது டரட்டின் அளவுப் பிழை, இதோடு சம்பந்தமில்லாத வேறு தலைவலி.

ஒதுங்குகிறது என்று தெரிந்தால் நீங்கள் எப்படிச் சுடுகிறீர்கள் என்று பாருங்கள். டரட் திருகிச் சுடுகிறவர் டரட்டின் பாதையை நூலோடு ஒட்டவைத்துவிட்டு, ரெட்டிகிள் லேசாகச் சாய்ந்து தெரிவதைச் சகித்துக்கொள்ளலாம். ரெட்டிகிளில் உள்ள புள்ளிகளை வைத்து ஏற்றிப் பிடிக்கிறவர் ரெட்டிகிளை நூலோடு ஒட்டவைத்துவிட்டு டரட்டை ஜீரோவுக்கு மேல் தொடாமல் இருக்கலாம். இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறவருக்கு அந்த ஸ்கோப் உதவாது, வாரண்டியில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதனால் இந்தச் சோதனையை ரிங்குகளை முழு அளவில் முறுக்குவதற்கு முன்பே, வைஸில் வைத்துச் செய்துவிடுவது நல்லது. ரிங் தடம் பதிந்த ஸ்கோப்பைக் கடைக்காரர் கையில் வாங்கும்போது முகம் மாறிவிடும்.